சூடு கூடியது, சத்தம் குறைந்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரியில் கணினி படித்தவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஆய்வகத்துக்குள் போயிருப்பார்கள். ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டிருக்கும். உள்ளே ஏ.சி. ஓடும். வகுப்பறையில் ஒரே மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க முண்டியடித்த நாங்கள், கணினி வகுப்பு வரும் மதியத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்போம். அந்தக் குளிர்ச்சி இயந்திரங்களுக்கு என்று ஏற்பாடானது. அங்கிருந்த 386 கணினிகளோ சூடு என்று பெரிதாக எதையும் உண்டாக்கவில்லை. அந்தச் சில்லின் மேல் ஃபேன் கிடையாது. சூட்டை வாங்கிப் பரப்பும் அலுமினியத் துண்டுகூடக் கிடையாது. சில வாட் மின்சாரத்தில் வெறும் முதுகோடு மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும். பெட்டிக்குள் சுற்றிய ஒரே ஃபேன், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் இருந்தது.

இன்று என் வீட்டு மேசைக்கு அடியில் இருக்கும் கேபினெட், அக்கா மகன் வீடியோ தொகுக்கும் நேரத்தில் 400 வாட் அளவுக்குச் சூட்டை வெளியே தள்ளுகிறது. அறையில் ஏ.சி. இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். பெட்டி ஓடுவது காதில் விழாது. கணினியின் வேகம் வளர்ந்த கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். அதன் வயிற்றுக்குள் போய்வரும் காற்றின் கதையை எழுத எனக்குப் பல காலமாக ஆசை.

சூடு படிப்படியாக வந்தது. 1992இல் வந்த 486 டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸில் ஓடியபோது ஹீட் சிங்க் எனும் அந்த அலுமினியத் துண்டு கட்டாயமானது. அடுத்த ஆண்டு வந்த முதல் பென்டியம் 16 வாட் வரை இழுத்தது. அதற்கே அன்று வியந்தார்கள். 2004இல் பென்டியம் 4 வரிசையின் மேல்தட்டுச் சில்லுகள் 115 வாட்டைத் தொட்டன. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஏழு மடங்கு. ஆனால் கேபினெட் மட்டும் பென்டியம் காலத்திலேயே நின்றுவிட்டது. 1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். அமைப்பை வகுத்தபோது, எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சில்லின் மேல் ஊதும் என்பதுதான் யோசனை. எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கடந்து வரும் காற்று ஏற்கெனவே சூடாகிவிடும் என்பதால் பிறகு திசையை மாற்றினார்கள். அதன்பின் அந்த ஒரு ஃபேனும் பின்பக்க ஓட்டை ஒன்றும் சேர்ந்து எல்லாச் சூட்டையும் சுமந்தன.

அந்தக் காலத்தில்தான் என் வீட்டுக்குக் கணினி வந்தது. திருவல்லிக்கேணியில் ஒற்றை அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடு. புத்தகங்களுக்குப் பக்கம் கட்டும் டி.டி.பி. வேலை, பெரும்பாலும் இரவில்தான் முடியும். அம்மா அதே அறையில் பாய் விரித்துப் படுத்திருப்பார். தகரப் பெட்டி, முன்னால் துளையே இல்லாத பிளாஸ்டிக் முகம், அதற்குள் இரண்டங்குல அகலத்தில் தட்டையாகத் தொங்கும் கேபிள்கள். வன்தட்டுக்கு ஒன்று, சி.டி. டிரைவுக்கு ஒன்று. காற்று வருவதற்கு இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் அவை திரைபோட்டு மறைத்தன. சில்லின் மேல் உள்ளங்கையைவிடச் சின்ன ஃபேன் ஒன்று உயிரைக் கொடுத்துச் சுற்றியது. நள்ளிரவுக்கு மேல் அம்மா புரண்டு படுத்துச் சொல்வார்: “டேய், அது அழுவுதுடா. அணைச்சிட்டுக் கொஞ்சம் தூங்க விடு.”

அழுகைதான். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் அந்தச் சத்தம் அதைத் துளைத்துக்கொண்டு வந்ததற்குக் காரணம் உண்டு. ஏழு இதழ் கொண்ட ஃபேன் நிமிடத்துக்கு 4,500 சுற்றுச் சுற்றினால், இதழ்கள் ஓர் இடத்தைக் கடப்பது வினாடிக்கு 525 தடவை. அது காது நன்றாகப் பிடித்துக்கொள்ளும் சுருதி. பெரிய மின்விசிறியின் இரைச்சல் தாழ்ந்தது, பரவலானது. அதோடு தூங்கப் பழகிவிடலாம். ஊசிபோல் ஒரே இடத்தில் குத்தும் ஓசையோடு தூங்க முடியாது.

ஊரெங்கும் ஒரே வைத்தியம்தான் நடந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனை நேராகத் திருப்பி வைப்பார்கள். சூடு நிஜமாகவே இறங்கும். சத்தமும் தூசியும் தடையில்லாமல் போய்வரும். ஃபேன் கரகரத்தால் நடுவிலிருக்கும் ஸ்டிக்கரைப் பாதி உரித்துத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுவார்கள். சில மாதம் தாங்கும்.

எனக்குக் காற்றைக் கற்றுக்கொடுத்தவர் ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த மெக்கானிக் அண்ணன். என் பெட்டியை மேசையில் படுக்கவைத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். ஃபேன் மாட்டும் இடத்தில் தகரத்தையே சிறுசிறு துளைகளாகக் குத்தியிருந்தார்கள். துளையைவிடத் தகரம்தான் அதிகம்.

“தம்பி, இந்த ஃபேன் காத்தைத் தள்ளுதுன்னு நெனக்கிறீங்களா? தகரத்தோட சண்டை போடுது. உங்க வீட்டுல கேக்குறது அந்தச் சண்டைதான்.”

தகரம் வெட்டும் கத்திரியால் அந்தச் சல்லடையை அப்படியே வெட்டி எடுத்தார். விரல் போகாதபடி வட்டக் கம்பி வலை மாட்டினார். முன்முகத்தின் அடியில் துளையிட்டார். தட்டைக் கேபிள்களை மடித்து ஓரமாகக் கட்டினார். புதிதாக வாங்கியது முன்பக்கத்துக்கு ஒரே ஒரு 80 மில்லிமீட்டர் ஃபேன். அதையும் 12 வோல்ட்டில் கொடுக்காமல் 7 வோல்ட்டில் கொடுத்தார்; டிரைவுக்குப் போகும் இணைப்பில் மஞ்சள் கம்பிக்கும் சிவப்புக்கும் நடுவே கோத்தால் 12க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும். அன்றிரவு அம்மா எதுவும் சொல்லவில்லை.

அவர் கையால் செய்ததன் கணக்கு எனக்குப் பின்னால் புரிந்தது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். அதேபோல இன்னொரு ஃபேனைப் பக்கத்தில் வைத்தால் 3 டெசிபெல் மட்டும் ஏறும். அதாவது ஒன்று முழு வேகத்தில் தள்ளும் காற்றை, இரண்டு அரை வேகத்தில் 12 டெசிபெல் குறைவாகத் தள்ளிவிடும். பத்து டெசிபெல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். என் வீட்டு அழுகைக்கு முழுப் பழியையும் சூட்டின் மேல் போட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வழியை அடைத்துவிட்டுச் சின்ன ஃபேனை விரட்டியதுதான் பெரும்பங்கு.

இப்போதிருக்கும் பெட்டியை அக்கா மகனும் நானும் சேர்ந்து பூட்டினோம். 400 வாட் சூட்டை, உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகாதபடி எடுத்துச் செல்ல வினாடிக்கு 33 லிட்டர் காற்று போதும். அகலமான 140 மில்லிமீட்டர் ஃபேன் மூன்று முன்னால், ஒன்று பின்னால். 800 சுற்றில் வேலை முடிகிறது. ஒன்பது இதழ் என்றால் சுருதி 120க்கு இறங்கிவிடும். காது அதைக் கண்டுகொள்வதில்லை. தட்டைக் கேபிள்கள் ஒழிந்தன. வன்தட்டு விரலளவுப் பட்டையாகி மதர்போர்டோடு படுத்துவிட்டது. நடுவில் மறிப்பதற்கு ஒன்றும் இல்லை.

முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என்பதற்கும் காரணம் இருக்கிறது. வெளியே தள்ளுவதைவிட உள்ளே இழுப்பது அதிகமாக இருந்தால், எல்லாக் காற்றும் முன்பக்க வலையில் வடிகட்டித்தான் நுழையும். மாறாக இருந்தால் யு.எஸ்.பி. துளை, தகட்டு இடுக்கு என்று கிடைத்த வழியெல்லாம் காற்று புகும். தூசியும் கூடவே வரும். எங்கள் தெருவில் வண்டிகள் கிளப்பும் புழுதிக்கு இது முக்கியம். வலையை மாதம் ஒருமுறை குழாயடியில் கழுவிக் காயவைத்தால் போதும். ப்ளோயர் அடிக்க மாடிக்குத் தூக்க வேண்டியதில்லை.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான். சில்லின் சூடு கண்ணிமைக்கும் நேரத்தில் இருபது டிகிரி ஏறி இறங்கும். ஃபேன் அதன் பின்னாலேயே ஓடினால் பெட்டி மூச்சுவாங்குவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நிலையான சத்தத்தைக் காது மறந்துவிடும். மாறும் சத்தத்தை மறக்காது. அதனால் பயாஸில் சில வினாடி தாமதம் கொடுத்தோம். 60 டிகிரி வரை வேகம் அசையாதபடி, சூட்டுக்கேற்ப வேகத்தைக் காட்டும் கோட்டைத் தட்டையாக வைத்தோம். பிறகும் ஒரு விம்மல் மிச்சம் இருந்தது. பையன்தான் கண்டுபிடித்தான்: “மாமா, ரெண்டு ஃபேனும் ஒரே வேகம்னு காட்டுது, ஆனா இல்ல.” இருபது சுற்று வித்தியாசம். சேராத இரண்டு தம்புராத் தந்திகளைப்போல அவற்றின் ஓசைகள் ஒன்றோடொன்று மோதி அலையடித்தன. ஒன்றின் வேகத்தை நூறு சுற்றுத் தள்ளி வைத்ததும் அலை மறைந்தது. அன்று அவனை ரிச்சி தெரு அண்ணனிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்போல் இருந்தது.

வெளிநாட்டு மதிப்புரைகளை நம்பிப் பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் இருக்கும் அளவுகள் பெரும்பாலும் இருபத்தொன்று, இருபத்திரண்டு டிகிரி அறையில் எடுத்தவை. சென்னையில் ஏப்ரல் மதியம் என் அறை 35. அங்கே 70 காட்டிய சில்லு இங்கே 83, 84 காட்டும். காற்று எவ்வளவு போனாலும் அறையின் சூட்டுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. சத்தத்தை அடக்குகிறேன் என்று கதவுபோல மூடிய முகமும் உள்ளே நுரைமெத்தையும் கொண்டு வந்த கேபினெட்டுகள் குளிர்நாட்டு அறைகளுக்கு ஒத்துவரலாம். நம் அறையில் அவை ஃபேனை விரட்டி, மெத்தையையும் மீறிச் சத்தம் போடவைக்கும். கம்பி வலை முகம் கொண்ட திறந்த பெட்டிதான் இங்கே அமைதியான பெட்டி.

இதைச் சொல்லச் சொல்ல எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. கடைகளில் இப்போது வரிசையாக நிற்பவற்றுள் பல, முன்முகம் முழுக்கக் கண்ணாடி வைத்து உள்ளே வண்ண விளக்கு எரிபவை. கண்ணாடிக்குப் பின்னால் மூன்று ஃபேன், ஓரத்தில் விரல் அகல இடுக்கு. துளையில்லாத அந்தப் பழைய பிளாஸ்டிக் முகம் அழகு பூசிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. பெற்றோர் சேமித்த பணத்தில் வாங்கிப்போகும் பிள்ளைகள் அதன் இரைச்சலோடு படிக்கப்போகிறார்கள். கடையில் நின்று வாங்குகிறவர்கள் விளக்கைப் பார்க்கும் முன் முன்முகத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். பெட்டி ஓடும்போது கைமேல் காற்று இழுபடுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த பெட்டியைக் காட்டச் சொல்லலாம். விலை பல நேரம் குறைவாகத்தான் இருக்கும்.