படிக்காத புத்தகத்துக்கு என் பொன்னான கருத்து

ஒரு கதையைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்பவனுக்குச் சங்கடங்கள் அதிகம். இந்தப் பாத்திரம் பிறகு திருந்திவிட்டதே, அந்த இடத்தை நாம் சரியாகப் புரிந்துகொண்டோமா என்றெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும். படிக்காமல் சொல்பவனுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. ‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதையைப் பற்றி நான் வெகுகாலம் அந்த வசதியோடுதான் கருத்துச் சொல்லிவந்தேன். சத்தியவேடு டீக்கடையில் சொன்னேன், உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் சொன்னேன், ஊத்துக்கோட்டை ஷேர் ஆட்டோவில் சொன்னேன். பேச்சு அந்தப் பக்கம் வராவிட்டால் நானே இழுத்து வருவேன்.

எல்லாம் என் அக்கா மகனால் வந்தது. அவனுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை. எங்கள் சத்தியவேடு மண்டலத்தையும் வரதய்யபாளையம் மண்டலத்தையும் தொட்டுக்கொண்டு வளர்ந்த தொழில் நகரம் அது. இசுசு, டைக்கின், கோபெல்கோ என்று ஜப்பான் பெயர்ப் பலகைகள் வரிசையாக நிற்கும். சம்பளம் கைக்கு வந்ததும் மற்ற பையன்கள் பைக்குக்கு முன்பணம் கட்டினார்கள். இவன் புத்தகம் வாங்கினான். ஒரே கதை, தொகுதி தொகுதியாக. ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காக்கி அட்டை போட்டு, முதுகில் நம்பர் எழுதி, அக்காவின் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் பீரோவில் அடுக்கினான். அந்தப் புத்தகங்களை எடுத்தால் இன்றும் ரசகற்பூர வாசனைதான் அடிக்கும்.

“எத்தனை புக்குடா இது?”

“நூறைத் தாண்டிடுச்சு மாமா. இன்னும் முடியல.”

“முடிக்கத் தெரியாதவனுக்குத்தான் பெரிய கதைக்காரன்னு பேரு” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு தடவை சிரிப்பு வாங்கிய வாக்கியத்தை யார் விடுவார்கள்? ஊரெல்லாம் அதைச் செலவழித்தேன்.

எழுதி வரைபவர் எய்சிரோ ஓடா என்ற ஒரே ஆள் என்பதோ, 1997 ஜூலையில் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ என்ற வார இதழில் அவர் இதைத் தொடங்கியபோது வயது 22 என்பதோ, ஐந்து வருடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் அவரே நினைத்திருந்தார் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. உலகம் முழுக்க 50 கோடிப் பிரதிகள் என்ற கணக்கை 2022-இலேயே இந்தக் கதை எட்டிவிட்டது. அக்கா மகன் இதையெல்லாம் சொன்னபோது, “மாரியம்மன் கோயில் கூழுக்குக்கூடத்தான் கூட்டம் நிக்குது” என்று பதில் கொடுத்தேன். கூழ் நன்றாக இருப்பதால்தான் கூட்டம் நிற்கிறது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

கதையின் நாயகன் லூஃபி. ஒரு மாயப் பழத்தைத் தின்றதால் உடம்பு ரப்பராகிவிட்ட பையன். அந்தப் பழத்தைத் தின்றவர்களால் நீந்த முடியாது. ஆனால் அவன் ஆசை கடற்கொள்ளையர்களுக்கு ராஜா ஆவது. “நீச்சலே வராதவன் கடலுக்குப் போறானாமே!” என்று நான் சிரித்தேன். கிருஷ்ணா தண்ணீர் எங்கள் பக்கத்துக் கால்வாய் வழியாகத்தான் ஊத்துக்கோட்டைக்கும் பூண்டிக்கும் போகிறது. அதில் முழங்காலுக்கு மேல் இன்றுவரை நான் இறங்கியதில்லை.

இத்தனைக்கும் எனக்கு மாயாஜாலக் கதை வெறுப்பு கிடையாது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றிக்கொண்டபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போக, செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த எங்கள் ஊர்ப் பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. அதனால் எங்கள் வீட்டில் தமிழில் ‘அம்புலிமாமா’வும் வரும், தெலுங்கில் ‘சந்தமாமா’வும் வரும். தாசரி சுப்ரமணியம் எழுதிய மந்திரவாதித் தொடர்களை இரண்டு மொழியிலும் படித்தவன் நான். மாதம் ஒருமுறை சில பக்கம், அடுத்த மாதம் வரை காத்திருப்பு, முடிய ஆண்டுக்கணக்கு ஆகும். அப்போது யாரையும் முடிக்கத் தெரியாதவன் என்று நான் சொல்லவில்லை.

அந்தப் பத்திரிகையில் இரண்டு புகைப்படங்களைப் போட்டு, பொருத்தமான வாக்கியம் எழுதச் சொல்லும் போட்டி ஒன்று இருந்தது. போஸ்ட் கார்டில் அனுப்ப வேண்டியிருந்தது. தமிழில் வாய்ப்பு இல்லாவிட்டால் தெலுங்கிலாவது அடிக்கட்டுமே என்று இரண்டுக்கும் அனுப்புவேன். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி தோற்றேன். பரிசு பெற்ற வாக்கியத்தைப் படித்து, “என்னுதைவிட இது மட்டம்” என்று தம்பியிடம் சொல்வேன். என் விமர்சன வாழ்க்கை அங்கே ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஜப்பானிலும் அப்போது போஸ்ட் கார்டுதான் ராஜா. ‘ஜம்ப்’ இதழுக்குள்ளேயே ஒரு கருத்து அட்டை இருக்கும். அந்த வாரம் பிடித்த மூன்று கதைகளை வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். ஓட்டு விழாத தொடர் சில மாதங்களில் மூட்டை கட்ட வேண்டியதுதான். எத்தனையோ பேர் கனவோடு ஆரம்பித்து, அடுத்த பருவம் வருவதற்குள் காணாமல் போயிருக்கிறார்கள். 1990-களின் நடுவில் 65 லட்சம் பிரதி விற்ற இதழ், ‘டிராகன் பால்’ தொடர் 1995-இல் முடிந்த பிறகு சரியத் தொடங்கிய நேரத்தில்தான் ஓடா உள்ளே வந்தார். அந்தச் சந்தையில் இத்தனை வருடம் ஒருவர் நிற்கிறார் என்றால் வாரா வாரம் பரீட்சை எழுதிப் பாஸ் ஆனவர் என்று அர்த்தம். அவரைத்தான் நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஃபெயில் ஆக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா மகனுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு தடவையாவது படிச்சிட்டுப் பேசுங்க மாமா” என்று போனில் ‘மாங்கா பிளஸ்’ செயலியைப் போட்டுக் கொடுத்தான். கதையை வெளியிடும் ஷூயிஷா நிறுவனமே நடத்துவது. அப்போது அதில் முதல் மூன்று அத்தியாயமும் கடைசியாக வந்த மூன்று அத்தியாயமும் இலவசம். எனக்கு அது போதும். இலவசம் அனைத்தையும் படித்து முடித்து, நடுவில் உள்ள ஆயிரத்துச் சொச்சம் அத்தியாயங்களைப் பற்றி, “நடுவுல கொஞ்சம் தொய்வு” என்று அறிவித்தேன்.

பிறகு ரோஷம் வந்தது. பையன் நைட் ஷிப்டுக்குப் போன நேரத்தில் பீரோவைத் திறந்து முதல் தொகுதியை எடுத்தேன். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய புத்தகம் அது. தவறான பக்கத்திலிருந்து வருபவர்களை எச்சரிக்க ஒரு பக்கமே அச்சிட்டிருக்கிறார்கள். விளம்பரம் என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டேன். நான் படித்த வரிசையில், அடி வாங்கி விழுந்தவன் எழுந்து நிற்கிறான், பிறகு சண்டை ஆரம்பிக்கிறது. மறுநாள் காலை அவனிடம், “முடிவை முதல்ல சொல்லிட்டு காரணத்தை அப்புறம் சொல்றான்பாரு, அந்த உத்தி பிரமாதம்” என்றேன். அவன் எதுவும் சொல்லாமல் பல் தேய்க்கப் போனான். அவன் தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்த பிறகு நிலைமை இன்னும் மோசம். 44-ஆம் தொகுதியில் அவர்களுடைய முதல் கப்பலுக்கு முடிவு வருகிறது. ‘கோயிங் மெர்ரி’ என்று பெயர், முகப்பில் ஆட்டுத்தலை. இனி ஓடாது என்று தச்சர்கள் கைவிட்ட கப்பல், தன்னந்தனியாக வந்து எல்லோரையும் காப்பாற்றிவிட்டு நடுக்கடலில் இரண்டாகப் பிளக்கிறது. லூஃபி தீப்பந்தத்தோடு சின்னப் படகில் நிற்கிறான். பனி பெய்கிறது. எரிகிற கப்பல் பேசத் தொடங்குகிறது. இன்னும் கொஞ்ச தூரம் உங்களைச் சுமந்திருக்கலாமே என்று அது மன்னிப்புக் கேட்கிறது. நான் மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் மனைவி விழித்துக்கொண்டாள்.

“யாருக்கு என்ன ஆச்சு? போன் வந்துச்சா?”

“கப்பல்” என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை. அவள் விடிவதற்குள் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

கப்பலோடு என் நாக்கு அடங்கியிருக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு அக்கா மகனின் தொழிற்சாலைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு ஓர் ஓரமாக நின்ற ஜப்பானிய இன்ஜினியரிடம் போய், “ஒன் பீஸ்!” என்றேன், ஏதோ சொந்த ஊர்க்காரனைப் பார்த்துவிட்ட மாதிரி. அவர் முகம் மலர்ந்தது. பள்ளியில் படித்தபோது கதையில் வரும் பாலைவன தேசத்துப் பகுதி வரை படித்தாராம். அப்புறம் பரீட்சை, வேலை, கல்யாணம் என்று விட்டுப்போயிற்றாம். பையன் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான். அவர் ஆசையாக ஒன்று கேட்டார்: அந்த ஆட்டுத்தலைக் கப்பல் எப்படி இருக்கிறது?

கை ஜாடையிலேயே சொல்லிவிட்டேன். இரண்டாக உடைத்துக் காட்டினேன், தீ வைத்துக் காட்டினேன். மனிதர் கையிலிருந்த சுண்டலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். “ஜப்பான்காரனுக்கே ஜப்பான் கதையோட முடிச்சை அவுத்த ஒரே ஆள் நீங்கதான் மாமா” என்றான் பையன், திரும்பி வரும்போது.

இதற்குப் பிறகும் ஊத்துக்கோட்டை ஆட்டோவில் ஒரு கல்லூரிப் பையன் 50-ஆவது தொகுதியை மடியில் வைத்திருந்ததைப் பார்த்து, 59-இல் யார் சாகிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டேன். பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பையன் பார்த்த பார்வையே போதும். அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். அது அவன் இறங்க வேண்டிய இடமாக இருந்திருக்கும் என்று இன்றும் நம்ப முயல்கிறேன்.

என் கருத்துகளில் ஒன்றே ஒன்று மட்டும் தேறியது. அதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில் இரண்டு பத்தி தாண்டிவிடுங்கள். 2022-இல் வந்த 1044-ஆம் அத்தியாயத்தில், லூஃபி தின்றது வெறும் ரப்பர் பழம் இல்லை, நிகா என்ற சூரிய தெய்வத்தின் சக்தி கொண்டது என்று தெரியவருகிறது. வாசகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். ஒன்றுமில்லாத பையன் உழைத்து மேலே வந்த கதை என்று நம்பினோம், கடைசியில் இவனும் பிறவி தெய்வமா என்று ஒரு கட்சி. அவன் சிரிப்பும் விளையாட்டும் ஆரம்பத்திலிருந்தே அதைத்தானே சொல்லின என்று இன்னொரு கட்சி. அக்கா மகன் முதல் கட்சி. மனம் உடைந்து கிடந்தான்.

“நாகலாபுரம் போய்ப் பாருடா” என்றேன். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பா பெயரில் அமைத்த ஊர். அங்குள்ள பெருமாள் வேதநாராயணர் இடுப்புக்கு மேல் மனிதர், கீழே மீன். பங்குனியில் சூரிய ஒளி நேராக அவர்மேல் விழுவதைப் பார்க்கக் கூட்டம் திரளும். அவதாரம் என்று தெரிந்துவிட்டதால் நம் ஊரில் ராமன் பட்ட கஷ்டம் குறைந்துபோய்விட்டதா என்று கேட்டேன். பையன் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். “மாமா, இந்தக் கதையில ஜின்பேன்னு ஒரு மீன் மனுஷன் இருக்கான். நிஜ உலகத்துல எந்த நாட்டுக்காரனா இருப்பான்னு வாசகர் கேட்டதுக்கு, இந்தியான்னு ஓடாவே சொல்லியிருக்காரு” என்றான். உடனே, “அதைத்தான் நானும் சொன்னேன்” என்று சொல்லி, கிடைத்த மரியாதையைக் கையோடு இழந்தேன்.

இன்னொரு விஷயத்திலும் அவன்தான் எனக்குக் கண் திறந்தவன். டிரெஸ்ரோஸா என்ற பகுதி சுமார் நூறு அத்தியாயம், இரண்டரை வருடம் ஓடியது. இழுவை என்று அதைத் திட்டாத வாசகர் குறைவு. ஆனால் நான் தடையே இல்லாமல் தாண்டியதாகச் சொன்னேன். அங்கங்கே புரட்டியதுதான், அது வேறு விஷயம். அவன் சொன்னான்: வாரம் ஒரு அத்தியாயம் வாங்கிக் காத்திருந்தவன் திட்டுவான், மொத்தமாகப் படிப்பவன் இரண்டு ராத்திரியில் தாண்டிவிடுவான், இரண்டு பேரும் படித்தது வேறு வேறு கதை. நீண்ட தொடர்களைப் பற்றி இதைவிடச் சரியான கருத்தை நான் கேட்டதில்லை. டீக்கடையில் இதை என் கருத்தாகச் சொல்லிவருகிறேன்.

2025 செப்டம்பரில் காத்மாண்டு கலவரச் செய்தி டிவியில் ஓடியபோது, நேபாள அரசு வளாகமான சிங்க தர்பார் வாசலில் மண்டையோட்டுக் கொடி தொங்கியது. டீக்கடையில் ஒருவர், “என்னப்பா, கரண்ட் ஆபீஸ் போர்டை மாட்டி வச்சிருக்கான்” என்றார். மண்டையோட்டுக்கு வைக்கோல் தொப்பி இருந்ததை நான் கவனித்துவிட்டேன். லூஃபியின் கொடி. அதற்கு முந்தைய மாதம் இந்தோனேசியாவிலும் இளைஞர்கள் இதே கொடியைத்தான் ஏற்றினார்கள். ஊரில் முதல்முறையாக, உண்மையிலேயே தெரிந்த ஒன்றைச் சொல்லும் வாய்ப்பு வந்தது. எழுந்து நின்று விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை. “ஏதாவது பொம்மை புக்குல படிச்சிருப்பாரு” என்றார்கள்.

அக்கா மகன் இப்போது சென்னைக்கு மாற்றலாகிப் போய்விட்டான். பீரோவில் 60-ஆம் தொகுதி வரைதான் விட்டுப்போயிருக்கிறான். மிச்சம் அவனுடைய சென்னை அறையில். கேட்டால், “முதல்ல 24-லேர்ந்து 32 வரைக்கும் திரும்பப் படிங்க மாமா” என்கிறான். அந்த வானத்துத் தீவுப் பகுதியில் நான் தூங்கிவிட்டது அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. சத்தியவேடு, ஊத்துக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் யாரிடமாவது 61-ஆம் தொகுதி இருந்தால் கொடுத்து உதவுங்கள். அட்டை கழற்ற மாட்டேன், பக்கம் மடிக்க மாட்டேன், ஒரு வாரத்தில் திருப்பித் தருவேன். வாங்கிக்கொள்ளும்போது என்னிடம் கதையைப் பற்றி எதுவும் கேட்காமல் போய்விடுங்கள்.