துறைத்தலைவர் நாற்காலி

கேள்வி: பல்கலைக்கழகத் துறைத்தலைவர் பதவியைப் பணிமூப்புப்படி, சுழற்சியில் கொடுத்தால் திறமைக்கு என்ன மதிப்பு?
– வாசகர், பாகூர்

பதில்: பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மூன்று ஊர்களைக் கொடையாகப் பெற்ற கல்விச்சாலை இருந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள்; பொருத்தம்தான்! திறமையைப் பேராசிரியராக எடுக்கும்போதே பார்த்தாயிற்று. ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும்போது நல்ல விவசாயி யார் என்றா பார்க்கிறார்கள்? அடுத்த முறை யாருக்கு என்று தெரிந்தால் மடையில் சண்டை இல்லை. இன்றைய தலைவர் நாளை எதிர் நாற்காலியில் உட்கார வேண்டியவர். அந்த நினைப்பே குரலைத் தணிக்கும். டெல்லிப் பல்கலைக்கழக விதிப்படி பதவிக்காலம் 3 ஆண்டு, சுழற்சியோ ‘இயன்றவரை’தான். அந்த இடைவெளியில்தான் வேண்டியவர்கள் நுழைகிறார்கள். மூத்தவரைத் தாண்டிப் போகிற துணைவேந்தர் காரணத்தை எழுத்தில் தரட்டும்.