லைசென்ஸ் அண்ணாச்சி

கலிஃபோர்னியாவின் ஃபிரீமாண்டில் ஒரு தமிழர் வீடு வாங்கினால், பால் காய்ச்சிய கையோடு அண்ணாச்சியைப் போய்ப் பார்த்துவிட வேண்டும். குளியலறையை இடித்துக் கட்டுவதோ, சமையலறைச் சுவரை எடுப்பதோ, எதுவானாலும் அவர் காதில் போடாமல் காண்ட்ராக்டர் கையில் காசு கொடுப்பது ஊர்க் குற்றம். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஊருக்கு அவர் லைசென்ஸ் அண்ணாச்சி. பகலில் கம்பெனியில் மென்பொருளில் பிழை தேடுகிறார், மாலையில் காண்ட்ராக்டர்களிடம் தேடுகிறார். இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. அதனால் அக்கறை அதிலேதான் அதிகம்.

சான் ஹோசேயிலும் சன்னிவேலிலும் இந்த இனம் உண்டு. அடையாளம் கண்டுகொள்வது எளிது: ஃப்ரீவேயில் மற்றவர்கள் வழியைப் பார்த்து ஓட்டுவார்கள், இவர்கள் முன்னால் போகிற வேனின் முதுகைப் படித்துக்கொண்டு ஓட்டுவார்கள். காண்ட்ராக்டர் தன் வண்டியில் லைசென்ஸ் எண்ணை எழுதியிருக்க வேண்டும் என்பது அந்த மாநிலத்துச் சட்டம். லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலுக்குப் போகும் வழியில் அண்ணாச்சியின் மனைவி, நமக்கு மதினி, ஸ்லோகம் சொல்லிக்கொண்டு வர, அவர் எண்களைச் சொல்லிக்கொண்டு வருவார். “இவன் நம்பர் பத்து லட்சத்தத் தாண்டிட்டு. புது ஆளு. அந்தா போறான் பாரு, நம்பர் சின்னது, பழைய கை.” மதினி கண்ணைத் திறக்க மாட்டார்.

ஆலோசனை நடப்பது கொல்லைப்புறத்துச் சன்ரூமில். மூன்று பக்கமும் கண்ணாடி, நல்ல வெளிச்சம், பிரம்பு நாற்காலி, டிகிரி காப்பி. எஸ்டிமேட்டைத் தூக்கிக்கொண்டு இளம் தம்பதி வந்து உட்காருவார்கள். அண்ணாச்சி தொகையைப் பார்க்கவே மாட்டார்.

“தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். நம்பரச் சொல்லு.”

1929 முதல் லைசென்ஸ் கொடுத்துவரும் மாநில வாரியத்தின் பக்கம் மடிக்கணினியில் திறக்கும். லைசென்ஸ் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததும் தம்பி எழுந்திருக்கப் பார்ப்பார்.

“உக்காரு டே. இது என்ன வகை? சி-33. பெயிண்ட் அடிக்கதுக்குக் குடுத்தது. கரண்டு வேலைக்கு சி-10, குழாய்க்கு சி-36, எல்லாத்தையும் சேத்துக் கட்டணும்னா பி. இவன்ட்ட கிச்சன முழுசாக் குடுத்தா, சுவத்துக்கு நல்ல கலர் வரும். தண்ணி எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது.”

அடுத்தது தொழிலாளர் காப்பீடு. அதை அவர் சத்தம் போட்டுப் படிப்பார். “ஊழியர் யாரும் கிடையாது, அதனால காப்பீடு தேவையில்லன்னு எழுதிக் குடுத்திருக்கான். சரி, அன்னைக்கு ஒன் பக்கத்து வீட்டுல சுவரு இடிச்சிக்கிட்டு நின்ன நாலு பேரும் யாரு? கொழுந்தனுவளா? ஒருத்தன் கால ஒடிச்சிக்கிட்டா ஆஸ்பத்திரிச் செலவு ஒன் தலையில வந்து நிக்கும்.”

காண்ட்ராக்டரின் ஜாமீன் பாண்டு 25,000 டாலர் இருக்கிறதே என்று தம்பி ஆறுதல் தேடினால், அது ஒரு வீட்டுக்கு இல்லை, அந்த ஆளிடம் ஏமாந்த எல்லாருக்கும் சேர்த்து என்பார். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார் என்றால் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிடுவார். “வீட்டு வேலைக்கு அட்வான்ஸ் ஆயிரம் டாலரு, இல்லன்னா மொத்தத்துல பத்து சதவீதம். எது கம்மியோ அதுதான். அதுக்கு மேல கேக்கவன் சட்டம் தெரியாதவன், இல்லன்னா நல்லாத் தெரிஞ்சவன்.”

இதெல்லாம் முன்னுரைதான். அண்ணாச்சியின் உயிர் பெர்மிட்டில் இருக்கிறது. காண்ட்ராக்டர் பெருமையாகக் கொடுக்கும் பழைய வாடிக்கையாளர்களின் முகவரிகளை வாங்கி, ஒவ்வொன்றையும் அந்தந்த நகராட்சியின் பதிவில் போட்டுப் பார்ப்பார். பெர்மிட் எடுத்தாரா, இன்ஸ்பெக்டர் வந்தாரா, கடைசியில் ‘ஃபைனல்’ ஆனதா. ஃபைனல் என்று கண்டால் முகம் மலரும். எடுத்த பெர்மிட் ஃபைனல் ஆகாமலே காலாவதியாகிக் கிடந்தால், “பாதியில விட்டுட்டுப் போயிருக்கான், இல்லன்னா இன்ஸ்பெக்டருக்குப் பயந்திருக்கான்” என்று தீர்ப்பு. பதிவே இல்லையென்றால் தீர்ப்புகூடக் கிடையாது, மடிக்கணினியை மூடிவிடுவார். “பெர்மிட்ட ஓனர் நீங்களே எடுத்துக்கிடுங்க, செலவு கம்மி” என்கிற காண்ட்ராக்டரை அவர் ஆள் என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. ஓனர் எடுத்தால் பொறுப்பும் ஓனருக்கு என்பதை, தம்பி பேரைச் சொல்லி இரண்டு தடவை சொல்லுவார்.

கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேலி செய்தவர்கள்தான் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின இரவு பதினோரு மணிக்குப் போன் செய்கிறார்கள். ஒருமுறை திங்கட்கிழமை சுத்தமாக இருந்த லைசென்ஸ், காப்பீடு ரத்தாகி வியாழக்கிழமை இடைநிறுத்தத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை காசு கொடுக்கவிருந்த குடும்பம் இன்றும் தீபாவளிக்கு அவருக்குத் தனி டப்பாவில் முறுக்கு அனுப்புகிறது.

இத்தனை வீடுகளைக் கரையேற்றியவரின் சொந்தச் சமையலறையில், சிங்க்குக்குக் கீழே ஒரு கதவு ஒற்றைக் கீலில் தொங்குகிறது. வந்த காண்ட்ராக்டர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கட்டத்தில் தோற்றுப்போனார்கள். ஒருவருக்கு எல்லாம் சரி, லைசென்ஸ் மட்டும் வேறொருவர் பேரில். இன்னொருவருக்கு எல்லாமே சரி. அப்படிப்பட்டவருக்கு அடுத்த வருஷம் வரை தேதி இல்லை. “ஊருக்கெல்லாம் சொல்லுதாவ, நம்ம வீட்டுக் கதவு மட்டும் ஆடிக்கிட்டே கெடக்கு” என்பது மதினியின் நிரந்தர மனு.

கடைசியில் ஒருவர் தேறினார். லைசென்ஸ் பி, காப்பீடு உண்டு, கேட்ட முகவரிகள் அத்தனையும் ஃபைனல். அண்ணாச்சி சன்ரூமில் உட்காரவைத்து, தன் கையாலேயே காப்பி ஆற்றிக் கொடுத்தார். வந்தவர் சமையலறையை அளந்தார், குழாயைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

வேலைக்கு ஒத்துக்கொள்வதற்கு முன்னால் வீட்டு முகவரியை நகராட்சிப் பதிவில் போட்டுப் பார்ப்பது அவருக்கும் வழக்கமாம். சமையலறைக்குப் பிரச்சினை ஒன்றும் இல்லை. ஆனால் தாங்கள் இப்போது உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும் இந்த அறை பதிவில் இல்லை, நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் கண்ணில் படும், முதலில் இதை ஒழுங்கு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

“முந்தின ஓனர் கட்டுனது” என்றார் அண்ணாச்சி, போனவரின் வேனைப் பார்த்து.

“வீடு வாங்கும்போது இந்த அட்ரஸப் போட்டுப் பாக்கலியாங்க?” என்றார் மதினி.

ஆலோசனை நிற்கவில்லை. இப்போது கராஜில் நடக்கிறது. வருகிறவர்களிடம் எஸ்டிமேட்டைக் கேட்பதற்கு முன்னால், அந்தக் கராஜ் முறைப்படி பெர்மிட் எடுத்துக் கட்டி ஃபைனல் ஆனதுதான் என்பதற்கான நகலை அண்ணாச்சி எடுத்துக் காட்டிவிடுகிறார்.