வேலூர் மச்சானின் வெயில் பெருமை

வேலூர்க்காரர்களுக்கு வெயில் ஒரு குலப்பெருமை. என் மனைவியின் அண்ணன் திருவொற்றியூருக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்: "எங்க ஊர்ல நேத்து நாப்பத்திரெண்டு மாப்ள. உங்களுக்கு முப்பத்தாறுதானே? குளுகுளுன்னு இருப்பீங்களே!"

நான் வாதாடுவதில்லை. ஃபேனுக்கு அடியில் நாற்காலியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். முதலில் சட்டை முதுகோடு ஒட்டும். அப்புறம் கர்சீப், அப்புறம் துண்டு. கடைசியில், "என்ன மாப்ள, கரண்ட் கம்மியா வருதா?" என்று அண்ணாந்து பார்ப்பார். ஃபேன் அஞ்சாம் நம்பரில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். வேலூரில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்து, காயும்போது உடம்புச் சூட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். இங்கே காற்று ஏற்கெனவே கடலைக் குடித்துவிட்டு நிற்கிறது; மச்சானின் வியர்வைக்கு அதில் ஏது இடம்? உடம்பு புது ஊர் வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகுமாம். மச்சான் மறுநாளே மூட்டை கட்டிவிடுவார்.

இந்த விவகாரத்தில் வானிலைத் துறையே எங்கள் கட்சி. வெப்ப அலை என்று அறிவிக்க, சமவெளியில் குறைந்தது 40 டிகிரி வேண்டும், கடலோரத்துக்கு 37 போதும், மலைக்கு 30. வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். ஆக, ஊட்டிக்காரர் முப்பதுக்கே புலம்பினாலும் செல்லும். பிரிட்டனில் இன்னும் தாராளம்: ஊரைப் பொறுத்து 25 முதல் 28 டிகிரி மூன்று நாள் நீடித்தாலே வெப்ப அலைதான். நாம் 25-இல் போர்வை தேடுகிற ஆட்கள்.

எங்கள் பக்கம் யாரும் டிகிரி கேட்பதில்லை. "காத்து வந்துச்சா?" என்பதுதான் கேள்வி. மதியம் கடற்காற்று ஏறிவிட்டால் கத்திரி வெயிலும் கொஞ்சம் அடங்கும். மேற்குக் காற்று அதை மறித்தால்தான் வினை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கமே 45-ஐத் தொட்டது. கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க எண்ணூருக்கு வந்தார்கள் என்றால், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்ப்பவர்கள் இன்று சிரிப்பார்கள்.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை; கத்திரி முழுக்க அதற்குள் அடங்கிவிடும். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்க, தார்ப்பாய் நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் வெயில் எப்படி என்று கேட்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "வெயிலா? அது பாட்டுக்குக் கீது நைனா. நீ கொஞ்சம் தள்ளிக்கோ, காத்து வர்ற வழியில நிக்கற."

ஜனவரியில் கதை தலைகீழ். காலையில் 21 டிகிரி என்றால் அம்மா குரங்குக் குல்லாய் இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார். ஒருநாள் ராஜாஜி சாலையில், கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்கார மாலுமிகள் அரைக்கால் சட்டையோடு, வேர்த்து விறுவிறுத்து நடந்து போனார்கள். அம்மா குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "பாவம்டா, அவ்ளோ தூரம் வந்திருக்குதுங்க, ஒரு ஸ்வெட்டர் குடுத்து அனுப்ப வீட்ல ஆளில்ல போல."