55-க்கும் 52-க்கும் நடுவே

தமிழ்நாட்டு மாநாடு எதுவானாலும், சொன்ன நேரத்தில் முடிகிற அம்சங்கள் இரண்டுதான். தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, 55 நொடி. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோதே அரசு அளவையும் சொல்லிவிட்டது. முடிவில் நாட்டுப்பண், 52 நொடி. இரண்டுக்கும் நடுவே நடப்பதைச் சமாளிக்கத்தான் சென்னை நண்பர் ஒருவர் காசு வாங்குகிறார்.

தொழில், மாநாட்டு ஏற்பாட்டாளர். "பந்தல் காண்ட்ராக்டா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். விளக்கி விளக்கி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "ஆமாம்" என்று சொல்லிவிடுகிறார்.

வாழ்த்து முடிந்ததும் குத்துவிளக்கு. விளக்குக்கு முகம் ஐந்து, மேடையில் பிரமுகர்கள் ஏழு. எரிகிற திரியையே ஆறாமவரையும் ஏழாமவரையும் மறுபடி ஏற்ற வைப்பது நண்பரின் ராஜதந்திரம். போட்டோவில் வித்தியாசம் தெரியாது. திரி சட்டென்று பற்ற நுனியில் கற்பூரம் வைத்திருப்பார். ஆனால் ஏ.சி. காற்று மெழுகுவத்தியையே அணைத்துவிடும். அதனால் விளக்கேற்றி முடிக்கும்வரை ஏ.சி.யை நிறுத்திவைக்க சுவிட்ச் பக்கம் ஒரு பையன் நிற்பான். ஒருமுறை நிறுத்திய பையன் டீ குடிக்கப் போய்விட்டான். அன்றைய கருத்தரங்கின் தலைப்பு, புவி வெப்பமாதல். தலைப்பை இவ்வளவு தத்ரூபமாக விளக்கிய அரங்கைப் பார்த்ததில்லை என்று ஒரு பேராசிரியர் வியர்வையைத் துடைத்தபடியே பாராட்டினார்.

அடுத்து பொன்னாடை. எப்போதும் நான்கைந்து கூடுதலாக வைத்திருப்பார். அழைப்பிதழில் இல்லாத ஒருவர் எப்படியும் மேடையேறி, முதல் வரிசை நாற்காலியில் உரிமையோடு உட்கார்ந்துவிடுவார். அவரை இறக்குவதைவிடப் போர்த்திவிடுவது சுலபம். பெயர்ப் பலகையில் 'முனைவர்' விடுபட்டால்தான் ஆபத்து. அந்தக் கோபம் பேச்சில் பத்து நிமிடமாக இறங்கும்.

நேரம் என்றதும் நண்பர் பெருமூச்சோடு சொல்லும் உதாரணம் 2022 செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. உக்ரைன் போரால் அங்கிருந்து மாற்றப்பட்டு, மார்ச்சில் சென்னைக்கு வந்தது. ஜூலை 28-ல் நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா; ஆட்டங்கள் மாமல்லபுரத்தில். ஏறக்குறைய நான்கு மாதத்தில் 180-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அறை, பஸ், சாப்பாடு! கேட்பவர்கள் அதை நினைத்து வியப்பார்கள். நண்பர் வியப்பது வேறொன்றை. முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் 30 நொடி கூடுதல். கடிகாரம் தீர்ந்தால் உலக சாம்பியனானாலும் தோல்விதான். அப்படி ஒரு கடிகாரத்தை வாழ்த்துரை வழங்குபவர் முன்னால் வைக்க முடியுமா? "இரண்டு வார்த்தை மட்டும்" என்று ஆரம்பித்த ஒரு தலைவருக்கு நண்பர் துண்டுச்சீட்டு அனுப்பிப் பார்த்தார். அவர் அதை வாங்கி, பார்வையாளர் கேள்வி என்று நினைத்து, அதற்கும் கால் மணி நேரம் பதில் சொன்னார்.

ஒரு மணிக்குப் பிறகு பேச்சை நிறுத்த ஒரே வழி, பின்பக்கக் கதவைத் திறந்து சாம்பார் வாசனையை உள்ளே விடுவது. காலையில் பாதி காலியாக இருந்த அரங்கம் பந்தியில் மட்டும் நிரம்பி வழியும்.

போன மாதம் ஒரு கருத்தரங்கம். மாலை ஐந்துக்கு முடிய வேண்டியது ஏழேகாலுக்கு நன்றியுரைக்கு வந்தது. ஒலி, ஒளி, சமையல், காவல் எல்லோருக்கும் நன்றி சொன்னார்கள். நண்பர் பெயர் விடுபட்டது. அவருக்கும் அது காதில் விழவில்லை. மைக்செட்காரரைத் தேடி மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தார். நாட்டுப்பண் ஒலித்தது. அது மட்டும் 52 நொடியில் முடிந்தது.