கீசருக்கு நான் பார்த்த வைத்தியம்

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது சேந்தமங்கலம். மார்கழி விடியலில் இங்கே பச்சைத் தண்ணீரைத் தொட முடியாது. அந்த மாதம் பார்த்துத்தான் எங்கள் 15 லிட்டர் கீசர் படுத்தது. "சரி பண்றதா, புதுசு வாங்கறதா? சீக்கிரம் சொல்லுங்க" என்றாள் மனைவி. கணக்குப் போட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

2 கிலோவாட் காயில் அரை மணி ஓடினால் ஒரு யூனிட். 15 லிட்டரை 35 டிகிரி ஏற்றிச் சுடவைக்க முக்கால் யூனிட்டே அதிகம். ஐந்து நட்சத்திரக் கீசர் வாங்கினால் எவ்வளவு மிச்சமாகும் என்று நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் சுடுதண்ணி விறகடுப்புக்குப் போயிருந்ததால் மின்சாரம் நிஜமாகவே மிச்சமானது. அதையும் என் சாதனைப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

எலக்ட்ரீஷியன் தம்பி வந்து கழற்றினார். "இது காயிலா, சுண்ணாம்புக் காளவாயாங்கண்ணா?" என்றார். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டால் சுண்ணாம்பாகிக் காயிலில் படியும். சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் காயில் கருகும். சூடு ஏற ஏறப் படிவதும் கூடும். "குமிழை முழுசாத் திருப்பி வச்சது யாருங்க?" என்று கேட்டார். நான் போர்வெல்லைத் திட்டினேன்.

அடுத்து மெக்னீசியம் ராடைத் தேடினார். துருவைத் தான் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காக்கும் ராடு அது. வருஷத்துக்கொரு தரம் பார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் அது கரைந்து வெறும் கம்பியாய் நின்றது. கையேட்டில் போட்டிருக்குமே என்றார். கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

"காயிலோ தெர்மோஸ்டாட்டோ போனா மாத்திக்கலாம். தொட்டி ஒழுகினா அதுல காசு போடாதீங்கண்ணா." என் நோட்டு முழுக்க இல்லாத சூத்திரம் இது. தொட்டி அன்று நன்றாகத்தான் இருந்தது. புதுக் காயில் போடச் சொன்னேன். ராடை அடுத்த தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிக்கனம் பிடித்தேன்.

பொங்கல் முடிந்ததும் தொட்டி ஒழுகியது. சரிசெய்வதா மாற்றுவதா என்ற கேள்விக்கு இரண்டுக்கும் காசு கொடுத்து விடை கண்ட ஆள் எங்கள் தெருவில் நான்தான். புதுக் கீசரின் குமிழ் இப்போது 55 டிகிரியில் நிற்கிறது. அதைத் தொடும் உரிமை வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் உண்டு.