எட்டில் ஒரு தாயம்

(கற்பனைச் சாகச ஆட்டங்களைப் பற்றிப் போன முறை ஒரே ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். எனவே இம்முறை முழுக்க அதுவே.)

கேள்வி: மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, "நான் வாளை உருவுகிறேன்" என்று வாயால் சொன்னால் அது ஆட்டமா? பலகை இல்லை, காய் இல்லை, ஜெயிப்பவரும் இல்லையே!
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: கூட்டாஞ்சோறு விளையாடிய குழந்தைகளில் யார் ஜெயித்தார்கள், ஐயா? யாரும் இல்லை. ஆனாலும் மறுநாள் அதே வேப்பமரத்தடிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். இதுவும் அப்படித்தான். ஒருவர் உலகத்தை விவரிப்பார்: இருட்டுக் குகை, வாசலில் ஒரு பூதம், உள்ளே எங்கோ வெளிச்சம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்ற சந்தேகம் வரும்போது பகடை உருளும். "உன்னைச் சுட்டுட்டேன்", "இல்ல, என் மேல படல" என்று தெருவில் வரும் சண்டையைத் தீர்த்து வைக்க ஒரு சட்டப் புத்தகம் இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் விதிநூல்.

இந்த வகையில் அச்சில் விற்பனைக்கு வந்த முதல் விதிநூல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (சுருக்கமாக டி அண்ட் டி). 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், முதல் அச்சு 1,000 பிரதிகள். இருவரும் பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தும் போர் விளையாட்டில் ஊறியவர்கள். படையை நகர்த்தியவர்கள், ஒரே ஒரு ஆளை நகர்த்த ஆரம்பித்தார்கள். இந்தப் பூர்வீகத்தை மறக்காதீர்கள். கீழே உள்ள சில பதில்களுக்கு அது தேவைப்படும்.

கேள்வி: ஒரு விதிநூல் நல்லதா என்று கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வழி உண்டா? அட்டையில் இருக்கும் டிராகன் எல்லாப் புத்தகத்திலும் அழகாகத்தான் இருக்கிறது.
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: உண்டு. டிராகனை விட்டுவிட்டு, கூலி கொடுக்கும் பக்கத்தைத் தேடுங்கள். உங்கள் பாத்திரம் எதைச் செய்தால் வளரும், எதற்கு அனுபவப் புள்ளி கிடைக்கும் என்று ஒரு பக்கம் இருக்கும். மேசையில் உட்காருபவர்கள் என்ன செய்வார்கள் என்பதை அந்த ஒரு பக்கமே சொல்லிவிடும். முன்னுரையில் வீரம், நட்பு, அற்புதம் என்று ஆயிரம் எழுதியிருக்கலாம். கூலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கால் போகும்.

டி அண்ட் டி-யின் 1981 'பேசிக்' பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றைக் கொன்றால் 5 புள்ளி. அது காவல் காக்கும் பெட்டியில் 200 பொற்காசு இருந்து, அதை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தால் 200 புள்ளி. குழு அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். புத்தியுள்ள யாராவது காப்ளினோடு மல்லுக்கட்டுவார்களா? பெட்டியை மட்டும் எப்படி நகர்த்துவது என்று யோசிப்பார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் புள்ளி பெரும்பாலும் எதிரியை வெல்வதற்கு. அங்கே வாள் முதலில் உருவப்படும், யோசனை பிறகு வரும்.

இதை நானே கண்டிருக்கிறேன். அதே ஐந்து நண்பர்கள், நான் வரைந்த அதே குகை. பழைய விதியில் ஆடிய வாரம், வாசலில் நின்ற பூதத்துக்கு ஆட்டுக்கறியை எங்கே வைத்தால் அது நகரும் என்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். சண்டைக்குக் கூலி தரும் விதியில் ஆடிய வாரம், நான் பூதத்தை விவரித்து முடிப்பதற்குள் பகடை உருண்டுவிட்டது. ஆட்கள் மாறவில்லை, கூலி மாறியது.

வேறு விதமாகக் கூலி தருபவர்களும் உண்டு. 'ரூன்குவெஸ்ட்' (1978) எந்தத் திறமையைப் பயன்படுத்தி ஜெயித்தீர்களோ அதையே வளர்க்கும். அதிலும் ஒரு நுட்பம்: வளர்வதற்கு உங்கள் இப்போதைய மதிப்பை மிஞ்சி உருட்ட வேண்டும். கத்துக்குட்டி வேகமாகக் கற்பான், வித்துவான் மெதுவாக. நம் வாழ்க்கையும் அப்படித்தானே? 'டன்ஜன் வேர்ல்ட்' (2012) இன்னும் ஒரு படி மேலே போய், பகடையில் தோற்றால் ஒரு புள்ளி தருகிறது. தோல்விக்குக் கூலி கிடைக்கும் மேசையில் யாரும் பயந்து பின்வாங்குவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. எங்கள் வீட்டு மேசையில் அதைக் கொண்டுவந்த அன்று, மூன்று வாரமாக வாயே திறக்காத ஒரு தம்பி எழுந்து நின்று பாலத்திலிருந்து குதித்தான்.

கேள்வி: எத்தனை பக்கம் இருந்தால் நல்ல விதிநூல்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 2014-ல் வந்த டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் புத்தகம் 320 பக்கம். அது குற்றமில்லை; அகராதியை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. ஒரு மாலை ஆடும்போது எத்தனை முறை புத்தகத்தைத் திறக்க நேர்ந்தது என்று எண்ணுங்கள். மூன்றாவது மாலையிலும் அந்த எண் குறையவில்லை என்றால் புத்தகத்தை மாற்றலாம்.

கேள்வி: 20 முகப் பகடை ஒன்றை உருட்டுவதும், ஆறு முகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டுவதும் ஒன்றுதானே? சராசரி இரண்டிலும் 10.5.
– கணிதம் படிக்கும் மாணவி, கும்பகோணம்

பதில்: சராசரி சரி. ஆனால் உங்கள் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார். தாயக்கட்டை இரண்டை உருட்டினால் மூன்று அடிக்கடி விழும், தாயம் என்னும் ஒன்று லேசில் விழாது, பன்னிரண்டு அதைவிட அபூர்வம் என்பது அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். கணக்கும் அதையே சொல்கிறது. கட்டைக்கு நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டைக்கு 16 விதம். அதில் மூன்று விழ 4 வழி, தாயம் விழ 2, இரண்டும் வெறுமையாகிப் பன்னிரண்டு விழ ஒன்றே ஒன்று. பல கட்டைகளைச் சேர்த்து உருட்டும் எந்த ஆட்டத்திலும் நடுவில் கூட்டம் இருக்கும், ஓரம் வெறிச்சோடும்.

20 முகப் பகடையில் அப்படி இல்லை. ஒன்று, பத்து, இருபது எல்லாவற்றுக்கும் ஒரே 5 சதவீதம். மூன்று பகடையில் பத்து விழ 12.5 சதவீதம், பதினெட்டு விழுவதோ 216-ல் ஒரு முறை.

இது மேசையில் என்ன செய்யும்? பூட்டிய கதவு ஒன்று. ஒரு கொல்லர், பலம் 18. ஐந்தாம் பதிப்பில் அவருக்கு 4 கூடும். ஒரு புலவர், பலம் 8. அவருக்கு 1 குறையும். கதவை உடைக்க 15 வேண்டும். கொல்லருக்கு 50 சதவீத வாய்ப்பு, புலவருக்கு 25. அப்படியானால் கொல்லர் மோதித் தோற்று, புலவர் தோளை வைத்ததும் கதவு திறக்கும் வாய்ப்பு 12.5 சதவீதம். எட்டில் ஒன்று. தாயம் விழும் அதே எட்டில் ஒன்று! தாயம் விழுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்களோ, அத்தனை முறை கொல்லர் தலைகுனிவார்.

'கர்ப்ஸ்' (1986) மூன்று பகடையை உருட்டி, உங்கள் திறனுக்கு உள்ளே விழ வேண்டும் என்கிறது. அங்கே பலம் 14 உள்ளவர் 90 சதவீதத்துக்கு மேல் ஜெயிப்பார், பலம் 8 உள்ளவர் 26 சதவீதம். கொல்லர் தோற்றுப் புலவர் ஜெயிப்பது சுமார் நாற்பதில் ஒரு முறை. அது ஊர் கூடிப் பேசும் அதிசயம்.

எது சிறந்தது? பிழைப்போமா என்று நெஞ்சு படபடக்கும் சாகசத்துக்கு 20 முகப் பகடை. கைவேலைக்காரரின் தேர்ச்சி மதிக்கப்படும் உலகத்துக்கு மூன்று பகடை. 20 முகப் பகடைதான் கையில் இருக்கிறது என்றால், கொல்லர் செய்யக்கூடிய வேலைக்குப் பகடையே கேட்காதீர்கள். அவர் கொல்லர், கதவு திறந்தது. அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு சண்டை மூன்று மணி நேரம் போகிறது. விதிநூலை மாற்றலாமா?
– ஐடி ஊழியர், கோவை

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஆறு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் உங்கள் முறை முடிந்து மறுபடி வரும்வரை 15 நிமிடம், பூதங்களின் முறை தனி. அதற்குள் ஒருவர் போனை எடுத்துவிடுவார், இன்னொருவர் பஜ்ஜிக்கு எழுந்துவிடுவார். போர் விளையாட்டின் வாரிசு என்று சொன்னேனே, அந்த ரத்தம் இது: குறி தப்பியதா என்று ஒரு உருட்டு, எவ்வளவு காயம் என்று இன்னொரு உருட்டு. 'கெய்ர்ன்' (2020) என்ற சிறிய விதிநூல் முதல் உருட்டையே தூக்கிவிட்டது. ஓங்கினால் பட்டே தீரும், காயம் எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி. சண்டை பத்து நிமிடத்தில் முடியும். அடி நிச்சயம் என்பதால், ஓங்குவதற்கு முன் எல்லோரும் ஒரு முறை யோசிக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. அந்த மூன்று மணி நேரத்தையும் உங்கள் நண்பர்கள் ரசித்து ஆடுகிறார்களா? அப்படியானால் கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். சதுரங்கம் போலக் கணக்குப் போட்டுச் சண்டையிடுவது சிலருக்குப் பேரின்பம். அவர்களுக்கு 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பு (2019) இன்னும் பிடிக்கும். ஒரு முறைக்கு மூன்று செயல். எதில் செலவழிப்பது என்பது உங்கள் இஷ்டம்.

கேள்வி: என் 14 வயது மகன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க, பூதத்துக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று கணக்குப் போடுகிறான். கவலைப்பட வேண்டுமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: வேண்டாம் அம்மா. நண்பர்களோடு நேருக்கு நேர் உட்கார்ந்து, பேசி, பேரம் பேசி, மனக்கணக்குப் போடும் பிள்ளை நல்ல இடத்தில்தான் இருக்கிறான். ஒன்றை மட்டும் கேளுங்கள்: மேசை நடுவில் 'எக்ஸ்' எழுதிய ஒரு அட்டை இருக்கிறதா? கதை பயமோ வருத்தமோ தரும் பக்கம் போனால் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம். காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட்டு மேலே போவார்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று வெட்டிக் கொடுங்கள்.

கேள்வி: சோழர் காலத்து அரண்மனைச் சதியை டி அண்ட் டி-யில் ஆட முடியுமா?
– நூலகர், தஞ்சாவூர்

பதில்: ஆடலாம், ஆனால் சட்டை அளவு பொருந்தாது. ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் இழந்த உயிர் முழுவதும் திரும்பிவிடும். இரவில் முதுகில் குத்துப்பட்ட தளபதி, காலையில் எழுந்து குதிரை ஏறிவிடுவார். சதிக்கு என்ன மரியாதை?

கிரெக் ஸ்டாஃபோர்டின் 'பெண்ட்ராகன்' (1985) பாருங்கள். அது ஆர்தர் மன்னரின் வீரர்களைப் பற்றியது. ஆனால் அதன் எலும்புக்கூடு உங்களுக்கு அப்படியே பொருந்தும். குணங்கள் இரட்டை இரட்டையாக இருக்கும், கூட்டினால் 20. கருணை 13 என்றால் கொடுமை 7. எஜமான விசுவாசத்துக்கும் குடும்பப் பாசத்துக்கும் தனித்தனி எண் உண்டு. இரண்டும் மோதும் இரவில், உங்கள் வீரன் என்ன செய்கிறான் என்பதைப் பகடை உங்கள் விருப்பத்துக்கு எதிராகவும் சொல்லலாம். காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும். அப்பா இறந்தால் மகன் வாளை எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வான். பரம்பரைக் கதைக்கு இதைவிடத் தோதான விதியை நான் பார்த்ததில்லை. பெயர்களை மாற்றுங்கள், கோட்டையைக் காவிரிக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே. தமிழில் ஆடினால் சட்டச் சிக்கல் வருமா?
– மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி

பதில்: ஆடுவதற்கு எந்த மொழியிலும் யாருடைய அனுமதியும் வேண்டாம். எழுதி வெளியிட வேண்டும் என்றாலும் வழி திறந்திருக்கிறது. வெளியீட்டாளரின் உரிம மாற்ற முயற்சிக்கு ஆட்டக்காரர்கள் பெரும் எதிர்ப்புக் காட்டிய பிறகு, 2023 ஜனவரியில் டி அண்ட் டி-யின் அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், மொழிபெயர்க்கலாம், விற்கலாம். 'கெய்ர்ன்' நூலும் கிரியேட்டிவ் காமன்ஸ்தான். அதிலிருந்து நீங்கள் செய்ததையும் அதே உரிமத்தில் பிறருக்குத் திறந்துவைக்க வேண்டும், அவ்வளவே.

இதை யாராவது செய்யவேண்டும் என்று பல வருடமாக ஆசைப்படுகிறேன். நீங்கள் செய்வீர்களா? ஹிட் பாயின்ட்டை எங்கள் மேசையில் 'உயிர்' என்கிறோம், ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவை 'தப்புருட்டு' என்கிறோம். "தப்புருட்டு போடு!" என்று கத்தும்போது வரும் சூடு ஆங்கிலத்தில் வருவதில்லை. லெவலை மட்டும் லெவல் என்றே விட்டுவிட்டோம்.

கேள்வி: எனக்குக் கூட்டாளிகளே இல்லை.
– இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், வேலூர்

பதில்: 'அயர்ன்ஸ்வார்ன்' (2018) தனியாக ஆடவே பொருந்தும், மின்நூல் இலவசம். இரும்பைத் தொட்டுச் சபதம் எடுப்பதில் கதை தொடங்கும். உங்கள் ஆறு முகப் பகடையோடு திறனைக் கூட்டி, எதிரில் உருளும் இரண்டு பத்து முகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் மிஞ்சினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் மிஞ்சினால் விலை கொடுத்து வெற்றி. ஒரு நோட்டும் பேனாவும் போதும். பணி முடிந்து வந்த காலையில் ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் நாயகி எடுத்த முதல் சபதம் என்ன என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: வரும் சனிக்கிழமை நாலு பேர் முதல்முறையாக உட்காருகிறோம். எதை வாங்க?
– வாசகி, மதுரை

பதில்: 'கெய்ர்ன்' இலவசம், தரவிறக்குங்கள். ஒரு செட் பகடை, நாலு பென்சில், நாலு அழிப்பான். பாத்திரம் உருவாக்கக் கால் மணி நேரம் ஆகும். சுமக்கப் பத்து இடம்தான் உண்டு. மந்திரப் புத்தகமும் ஒரு இடம் பிடிக்கும், மந்திரம் சொன்ன களைப்பும் இன்னொரு இடம் பிடிக்கும். கயிறா, சோறா, மந்திரமா என்று நாலு பேரும் வாக்குவாதம் செய்ய ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். ஆட்டம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.